படையலில் பரங்கிக்காய்

பண்டிகைச் சாப்பாட்டைப் பற்றிச் சரித்திரம் எழுதுவது கௌரவமான காரியமாகத் தமிழில் இன்னும் கருதப்படவில்லை. கோயில் மடைப்பள்ளிக்கு விடப்பட்ட நெல்லையும் நெய்யையும் கல்வெட்டுகளிலிருந்து நாழி உழக்காகக் கணக்கிடுகிறவர்கள்கூட, அதே கண்ணோடு தங்கள் வீட்டுப் பொங்கல் இலையைப் பார்ப்பதில்லை. கோயில் சரித்திரத்துக்கு உட்பட்டது, வீடு அதற்கு வெளியே என்றுமுள்ளது என்று ஒரு நினைப்பு. 'எங்கள் வீட்டில் காலங்காலமாக இப்படித்தான்' என்ற வாக்கியம் இந்த நினைப்பின் வாய்மொழி வடிவம். அந்தக் 'காலங்காலம்' பல வீடுகளில் மூன்று தலைமுறையைத் தாண்டுவதில்லை என்பது என் அனுமானம். ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முயல்கிறேன். அது என் வீடு என்பதற்குக் காரணம் பாசமல்ல. அதன் இலையில் என்ன எப்போது வந்தது என்பதை ஓரளவு நிச்சயத்துடன் சொல்லக்கூடிய ஒரே வீடு எனக்கு அதுதான்.

1

முதலில் எல்லோருக்கும் பொதுவான இலை. காவிரிப் படுகையில் பொங்கலன்று வைக்கும் பலகாய்க் குழம்பில் 'நாட்டுக் காய்' மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விதி. உருளைக்கிழங்கு, கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் 'இங்கிலீஷ் காய்'. அவற்றுக்கு அன்று இடமில்லை. அவரை, மொச்சை, கத்திரி, வாழைக்காய், சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, பரங்கி என்று அந்தப் பட்டியல் போகும்.

இந்தப் பட்டியலின் கடைசி இரண்டும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. போர்த்துக்கீசியர் இந்தக் கடலுக்கு வந்த 1498க்கு முன்னால் இவை இரண்டும் எந்தத் தமிழ் அடுப்பிலும் வெந்திருக்க முடியாது. இதில் பரங்கிக்காய் தன் பிறப்பை மறைக்கக்கூட இல்லை. பரங்கியன் என்றால் ஐரோப்பியன். பரங்கிமலை அவன் மலை. பரங்கிப்புண் அவன் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட நோய். பரங்கிக்காய் அவன் காய். அந்நியன் என்ற பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டே அது நாட்டுக் காய்களின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் கேட்பதில்லை. குழம்புக்குக் காரம் தரும் மிளகாயும் அதே கப்பல்களின் வழி வந்ததுதான். மிளகைப் போல உறைக்கும் காய் என்று பெயர் வைத்து அதைச் சொந்தமாக்கிக்கொண்டோம். தென்னாற்காட்டுப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் பெயரில் மணிலா நகரம் சிதைந்து கிடக்கிறது.

பானைக்குள் போகும் வெல்லத்துக்கும் ஒரு கதை உண்டு. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் ஒட்டுச் சேர்த்தார்கள். இன்று ஆலைக்கும் வெல்லக் கொப்பரைக்கும் போகும் கரும்பு பெரும்பாலும் அந்தக் கலப்பின் வழித்தோன்றல். அதற்கும் வெகு முன்னால், அதியமானின் முன்னோர் கரும்பை வேற்றிடத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள் என்ற நினைவு புறநானூற்றின் 99ஆம் பாட்டில், ஔவையார் வாக்கில், பதிவாகியிருக்கிறது. கரும்பு வந்தேறி என்பதை அந்தக் காலத்துப் புலவர் பெருமையாகச் சொன்னார். கொண்டுவந்தவனுக்கு அது புகழ். வந்தது என்று சொல்லவே கூசுகிற மனநிலை பிற்காலத்தது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. 'ஆகவே எல்லாமே கலப்பு, தூய மரபு என்று ஒன்று இல்லை' என்று இங்கேயே முடித்துவிட்டால் ஒரு நல்ல மேடைப் பேச்சு கிடைக்கும். ஆனால் எல்லாமே கலப்பு என்று சொல்வதும், எல்லாமே தூயது என்று சொல்வதைப் போலவே, சரித்திரத்தைத் தவிர்க்கும் ஒரு வழிதான். யார் கொண்டுவந்தார்கள், எந்த விலைக்கு, யார் பெயர் அதில் தங்கியது என்ற கேள்விகள் இரண்டிலும் எழாமல் போகின்றன.

2

என் அப்பாவின் ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்து வானம் பார்த்த பூமி. அப்பத்தா சிறுமியாக இருந்த காலத்தில் அந்த வீட்டில் அன்றாடம் வெந்தது கேழ்வரகும் வரகும் குதிரைவாலியும். நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாணம், சாவு. இட்லி என்பது தீபாவளி விடியலில் மட்டும் காணும் பண்டம். இன்றைய வாசகர் பண்டிகைச் சாப்பாடு என்றவுடன் நினைப்பது வடை பாயசத்தை. அன்று சோறே பண்டிகைச் சாப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அத்தனை பெரிய சலனத்தை உண்டாக்கியது என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும். தினமும் பண்டிகை என்று அதற்கு அர்த்தம்.

தாத்தா ரங்கூன் முகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் சமையற்காரராகப் போனவர். கடைக்கு முதலாளி ஊரில் இருப்பார். அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு படிவரிசை. அதற்குக் கீழே அடுப்பு. பின்னால் தாத்தா சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்துக்கொண்டு அப்பத்தாவை அழைத்துப் போனார். அப்பத்தா தினமும் அரிசிச்சோறு தின்றது கடல் தாண்டிய பிறகுதான். இதை அவர் பெருமையாகவும் சொல்வார், ஊரைக் குறைத்தும் சொல்வார்.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பதை இன்று நாம் பார்க்காமல் இருக்க முடியாது. பிரிட்டிஷார் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பு உலகச் சந்தைக்கான நெல்வயலாக மாறியது. காட்டை அழித்து நிலமாக்கியவன் பர்மிய விவசாயி. கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1930இல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1937இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. வட்டிக்காரர் விரும்பி வாங்கிய நிலமல்ல அது, வராத கடனுக்கு வந்த நிலம் என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எந்த வகையில் ஆறுதல்?

செட்டிநாட்டுக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் கவுனி அரிசி இல்லாமல் இலை நிறையாது. கறுத்த, பசைப்பிடிப்புள்ள அரிசி. ஊறவைத்து வேகவிட்டுச் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிளறுவார்கள். பர்மாவிலிருந்து வந்த அரிசி அது. பசையரிசிக்குப் பர்மியர் சொல்லும் சொல்லின் தேய்வே 'கவுனி' என்று கொள்வது இயல்பாகத் தோன்றுகிறது. வட்டிக்கடை முதலாளியின் பந்தியிலிருந்து அந்த வழக்கம் அவருடைய சமையற்காரர் வீட்டுக்கும் இறங்கியது. எங்கள் வீட்டில் அது பொங்கல் படையலில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. ஐராவதிக் கரையில் நிலத்தை இழந்தவனைப் பற்றி அந்தக் கறுத்த உருண்டை எதுவும் சொல்வதில்லை. இனிப்பாக இருக்கிறது.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள்; வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். அப்பத்தா ஐந்து வயது அப்பாவைத் தூக்கிக்கொண்டு கப்பலில் வந்து சேர்ந்தார். போர் முடிந்து மறுபடி போனார்கள். 1962இல் நே வின்னின் ராணுவ ஆட்சி, பின்னர் கடைகள் தேசியமயம். 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அந்த ஆண்டு கப்பலேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவர்கள் கொண்டுவந்தவற்றில் சுங்கச் சோதனையில் பிடுங்க முடியாதது நாக்கு மட்டுமே.

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே 1969இல் பர்மா பஜார் அமைந்ததும், அதன் அக்கம்பக்கத்தில் அத்தோவும் மொய்ங்காவும் விற்கிற தள்ளுவண்டிகள் பெருகியதும் பலர் அறிந்தது. மொய்ங்கா என்பது மீன் சாற்றில் அரிசிச் சேமியாவைப் போட்டுச் சாப்பிடுவது. அந்தச் சாற்றில் இளம் வாழைத்தண்டைச் சீவிப் போடுவார்கள். தண்டைக் கண்டதும் தமிழ் நாக்கு அதை உறவாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதன் மணத்துக்கு ஆதாரம் ஙப்பி என்ற புளித்த மீன்விழுது. ங என்ற எழுத்தை மொழிக்கு முதலில் வரத் தொல்காப்பியர் அனுமதிக்கவில்லை. அப்பத்தாவின் அடுக்களை அனுமதித்தது. ஊரில் ஙப்பி கிடைக்காததால் கூனிக்கருவாட்டை வறுத்து இடித்து அந்த இடத்தை நிரப்பினார். அந்தப் பதிலி சேர்ந்ததுதான் எங்கள் வீட்டு மொய்ங்கா. அதைப் பர்மியர் தங்களுடையது என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாட்டுப் பொங்கலும் கழிந்து, கறியும் மீனும் சமைக்கிற கரிநாளில்தான் அது வைக்கப்படும்.

3

1966இல் அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். மன்னார்குடிக்குக் கிழக்கே ஆற்றுப்பாசன ஊர். பலகாய்க் குழம்பு, பரங்கிக்காய்ப் பால் கூட்டு, கருணை மசியல் எல்லாம் அவரோடு வந்தவை. அதற்கு முன் எங்கள் பொங்கலில் பருப்பும் ஒரு பொரியலும்தான். இன்று 'நம்ம வீட்டுப் பொங்கல் குழம்பு' என்று என் அண்ணன் பிள்ளைகள் சொல்வது தஞ்சை ஜில்லாவிலிருந்து ஒரு பெண்ணின் கையில் வந்தது.

தஞ்சையின் இலையும் களங்கமற்ற செழிப்பு அல்ல. அம்மாவின் ஊரில் பொங்கலன்று வயலில் வேலை செய்தவர்கள் பின்வாசலுக்கு வந்து அரிசியும் வேட்டியும் வாங்கிப் போவார்கள். விளைவித்தவர்களுக்கு அது தானமாகக் கொடுக்கப்பட்டது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து அந்த வட்டாரத்தில் பொங்கல் வந்தது. புத்தரிசி பொங்கியது. அந்தப் பொங்கலைப் பற்றி அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். 'பால் பொங்கினதும் குலவை போட யாருக்கும் வாய் வரலைன்னு எங்க அம்மாயி சொல்லும்' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆக, ஒரே இலையில் இடது பக்கம் ஐராவதி, வலது பக்கம் காவிரி. இரண்டு படுகைகளும் சந்திக்கும் இடம் ஒரு வாழை இலை. இதைக் குடும்பங்களின் சங்கமம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், இரண்டும் ஒரே தகுதியில் வந்து சேரவில்லை. அப்பா வழியில் வந்த கவுனிக்கு 'ரங்கூன் கவுனி' என்று ஒரு பெயரும், கப்பலும் போரும் கூடிய ஒரு காவியமும் உண்டு. அம்மா வழியில் வந்த ஐந்தாறு பதார்த்தங்களுக்குப் பெயர் இல்லை. அவை 'நம்ம வீட்டு'ச் சமையலாகக் கரைந்துவிட்டன. ஆணின் பயணம் சரித்திரமாகிறது. பெண்ணின் பயணம், மன்னார்குடியிலிருந்து தேவகோட்டைக்கு வந்தது, கல்யாணம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது.

4

மரபைக் காப்பதில் தமிழ் வீடுகளில் இரண்டு கொள்கைகள் செயல்படுவதாகச் சொல்லத் தோன்றுகிறது. ஒன்று பிராமண வீடுகளின் திவசச் சமையல். மிளகாய் கூடாது, மிளகுதான். உருளை, தக்காளி, கோஸ் கூடாது. விலக்கப்பட்டவை எல்லாம் கடல்வழி வந்தவை அல்ல. ஆனாலும் அந்த விலக்குகளின் பலனாக, கப்பல்கள் வருவதற்கு முந்தைய ஒரு சமையல் வருஷத்தில் ஒரு நாள் மறுபடி நிகழ்கிறது. சாஸ்திரம் உத்தேசிக்காமலே ஒரு மியூசியத்தைக் கட்டிவிட்டது. இங்கே செத்தவருக்கு என்ன பிடிக்கும் என்பது கேள்வியே அல்ல. அவர் பித்ரு, அவருக்கு ருசிகள் கிடையாது.

இரண்டாவது, எங்களைப் போன்ற வீடுகளின் படையல். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை வைக்க வேண்டும். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, கள் குடித்தவருக்குக் கள். இதில் விலக்கு என்று ஒன்று கொள்கையளவில் இல்லை, ஆசைதான் அளவுகோல். அதனால் இந்தப் படையல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிடித்தவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு திறந்த பட்டியல் அது.

1987இல் அப்பத்தா இறந்தார். அடுத்த பொங்கலுக்கு இந்தக் கொள்கை சோதனைக்கு வந்தது. அவருக்குப் பிடித்தது மொய்ங்கா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'பொங்கப் படையல்ல மீனா? அதுவும் அந்த நாத்தத்தையா?' என்றார் பெரியப்பா. ஆசைக் கொள்கைக்கு நடுவில் சுத்தம் பற்றிய கொள்கை எங்கிருந்தோ வந்து நின்றது. அம்மாதான் தீர்த்துவைத்தார். பொங்கலன்று கவுனி, கரிநாளன்று அத்தைக்கென்று தனியாக ஓர் இலை, அதில் மொய்ங்கா. பர்மாவைப் பார்த்தேயிராத, மாமியாரோடு இருபது வருஷம் அடுக்களைச் சண்டை போட்ட பெண், அந்தக் கூனிக்கருவாட்டை இடித்து அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்தார். இன்று அந்தக் கரிநாள் இலை எங்கள் வீட்டின் 'காலங்காலமான' வழக்கம். அதன் வயது எனக்குத் தெரியும்.

2019இல் அம்மா போனார். 2020 பொங்கலுக்குமுன் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று பேசினோம். அப்பாவுக்குப் பிடித்ததற்கு, அப்பத்தாவுக்குப் பிடித்ததற்கு, எங்கள் ஒவ்வொருவருக்கும் பிடித்ததற்கு அம்மாவின் சமையலே சாட்சியாக இருந்தது. அவருக்குப் பிடித்தது எது என்பதற்குச் சாட்சி ஏதும் இல்லை. பரங்கிக்காய்க் கூட்டு என்றாள் அக்கா. அது அம்மா செய்வது. செய்வதும் பிடிப்பதும் ஒன்றா? கல்வெட்டில் கொடை கொடுத்தவன் பெயர் இருக்கும், வாங்கிய கோயிலின் பெயர் இருக்கும். அடுப்பெரித்தவர் என்ன தின்றார் என்பது இருக்காது. அதே மௌனம் இந்த வீட்டிலும்.

மன்னார்குடியிலிருந்து வந்திருந்த சித்திதான் சொன்னார்: 'அக்காவுக்குப் பொங்கலன்னிக்கிச் சோறே எறங்காது. மறுநாக் காலையில தண்ணி ஊத்தி வச்ச பழைய பொங்கலும் சுண்டக்குழம்பும் போட்டுக்கிட்டுக் கொல்லப் படியில ஒக்காந்துடும். எங்க வீட்டுல இருந்தப்பவும் அப்படித்தான்.'

மிஞ்சிய பலகாய்க் குழம்பை ஒவ்வொரு நாளும் சுண்டவைத்து, மீந்த கூட்டையும் பொரியலையும் அதிலேயே போட்டு, மூன்றாம் நாள் கறுத்துக் கெட்டியாகி வரும்போது அது சுண்டக்குழம்பு. பரங்கி எது, சேனை எது, எது நாட்டுக் காய், எது கப்பலில் வந்தது என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கலப்பு என்ற சொல்லை நான் சந்தேகமில்லாமல் பயன்படுத்தக்கூடிய ஒரே பதார்த்தம் அதுதான். எல்லோரும் தின்று மிஞ்சியதைத் தின்றவளுடைய பதார்த்தமும் அதுவே.

பழையதைப் படைக்கலாமா என்பது அடுத்த பிரச்னையாயிற்று. படையலுக்குப் புதிது வேண்டும். வாய் வைக்காதது வேண்டும். திவசக் கொள்கைக்கும் ஆசைக் கொள்கைக்கும் பொதுவான ஒரே விதி இது. மிச்சத்தின் மேல் ஆசை வைத்தவருக்கு இரண்டு கொள்கைகளிலும் இலை இல்லை. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, புதிதாகவே ஒரு சுண்டக்குழம்பு வைத்துவிட்டால் என்ன என்றான். அப்படி ஒன்று சாத்யமில்லை என்று சித்தி சொன்னார். அது மூன்று நாள் ஆகாமல் அது ஆகாது.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இது. பொங்கலன்று படையல் வழக்கம்போல. கவுனியும் பலகாய்க் குழம்பும் உண்டு. கரிநாளன்று அப்பத்தாவின் இலை. அதற்கும் மறுநாள், வந்தவர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முன், ஒரு கும்பாவில் பழையதும் அதன் மேல் சுண்டக்குழம்பும் கொல்லைப்படியில் வைக்கப்படுகிறது. சூடம் கிடையாது; யாரும் விழுந்து கும்பிடுவதில்லை. காக்கை எடுக்கும் வரை நிற்பதும் இல்லை. இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அண்ணன் பேத்தி போன வருஷம் அதை 'ஆச்சி கிண்ணம்' என்றாள். இன்னும் இரண்டு தலைமுறை கழித்து யாராவது, இது காலங்காலமாக இருப்பது என்று சொல்லக்கூடும். 2020இல் தொடங்கியது என்று எழுதிவைக்கிறேன்.